எடையைத் தூக்குவது தசையா, நரம்பா?

சென்னையில் இப்போது தெருவுக்கு ஒரு ஜிம் இருக்கிறது. புத்தாண்டுத் தீர்மானத்தோடு அதில் சேரும் இளைஞர், நான்காவது வாரம் போல ஒரு விநோதத்தைக் கவனிப்பார். முதல் நாள் 8 கிலோ டம்பெல்லைப் பத்து முறை மடக்கவே திணறிய கை இப்போது 12 கிலோவை அதே பத்து முறை மடக்குகிறது. ஆனால் டேப்பை எடுத்துப் புஜத்தைச் சுற்றி அளந்தால் சுற்றளவு அநேகமாக அப்படியேதான் இருக்கிறது. "பொறுங்க தம்பி, சைஸ் பின்னாடி வரும்" என்பார் பயிற்சியாளர். அவர் சொல்வது சரி. ஆனால் சைஸ் வருவதற்கு முன்பே வந்துவிட்ட இந்த வலு எங்கிருந்து வந்தது என்பதற்கு அவரிடம் விடை இருக்காது. அந்தக் கேள்வியைத் தம் வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டவர்களின் துறைதான் நரம்புத்தசை உடலியங்கியல். விளையாட்டு அறிவியல் என்ற பெரிய வீட்டில் அது ஓர் அறை. மருத்துவக் கல்லூரியின் உடலியங்கியல் துறைக்கும் அந்த அறையிலிருந்து ஒரு கதவு திறக்கிறது.

இக்கேள்விக்கு விடை தேடிய ஆய்வுகளில் இன்றுவரை மேற்கோள் காட்டப்படுவது, 1979-இல் மொரிடானியும் டிவ்ரீஸும் வெளியிட்டது. முழங்கையை மடக்கும் தசைகளுக்கு 8 வாரம் பயிற்சி கொடுத்து, வலுவையும் தசையின் மின்செயல்பாட்டையும் சேர்த்தே அளந்த அவர்கள், தொடக்க வாரங்களில் ஏறும் வலுவில் பெரும்பங்கு நரம்பு மண்டலம் தசையை இயக்கும் விதம் மாறுவதால் வருகிறது என்றும், 3 முதல் 5 வாரங்களுக்குப் பிறகே தசை பருப்பது முதன்மைக் காரணமாகிறது என்றும் கண்டார்கள். அதற்கும் 85 ஆண்டுகளுக்கு முன், 1894-இல், யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்கிரிப்ச்சரும் அவருடன் பணியாற்றியவர்களும் இன்னும் விசித்திரமான ஒன்றைப் பதிவு செய்திருந்தார்கள். ஒரு கைக்கு மட்டும் பயிற்சி கொடுத்தபோது, பயிற்சியே பெறாத மறு கையும் ஓரளவு வலுப்பெற்றது. சும்மா இருந்த கையின் தசை வளர்ந்திருக்க வழியில்லை. கற்றுக்கொண்டது வேறு ஏதோ ஒன்று.

அந்த வேறு ஏதோ ஒன்றைத் தேடிப் போகிறவர் ஒரு நீண்ட சங்கிலியைக் கண்ணி கண்ணியாகச் சோதிக்க வேண்டியிருக்கிறது. மூளையின் மேலடுக்காகிய புறணியில் பிறக்கும் கட்டளை தண்டுவடத்துக்கு இறங்குகிறது. அங்குள்ள இயக்க நரம்பணு அதை வாங்கித் தன் நீண்ட இழை வழியாகத் தசைக்கு அனுப்புகிறது. நரம்பு முடியும் இடத்தில் ஒரு வேதிப்பொருள் சுரந்து, தசை இழையில் புதிய மின்னலையைக் கிளப்புகிறது. அதன் பிறகே தசைக்குள் இருக்கும் புரத இழைகள் ஒன்றன்மேல் ஒன்று சறுக்கிச் சுருங்குகின்றன. ஒருவர் வலுவிழந்திருக்கிறார் என்று சொல்வது எளிது. இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி தளர்ந்திருக்கிறது என்று சொல்வதுதான் துறையின் வேலை. ஓட்டப்பந்தய வீராங்கனையின் கடைசி 50 மீட்டர் தளர்ச்சியும், பக்கவாதம் வந்தவரின் கைத்தளர்ச்சியும், 75 வயதுப் பாட்டி நாற்காலியிலிருந்து எழத் தடுமாறுவதும் இந்த ஒரே கேள்வியின் வெவ்வேறு உருவங்கள் என்பது புரிந்துவிட்டால், இத்துறையில் இருப்பவர்கள் ஏன் மைதானத்துக்கும் மருத்துவமனைக்கும் மாறி மாறி நடக்கிறார்கள் என்பதும் புரியும்.

சங்கிலியின் மிக முக்கியமான கண்ணி இயக்க அலகு. தண்டுவடத்தில் இருக்கும் ஒரு நரம்பணுவும், அது கிளைபரப்பித் தொடும் எல்லாத் தசை இழைகளும் சேர்ந்ததே ஓர் இயக்க அலகு. 1920-களில் இந்தக் கருத்துக்கு வடிவம் கொடுத்த ஷெரிங்டனும், ஒற்றை நரம்பணுவின் துடிப்பை ஊசி மின்வாய் (எலக்ட்ரோடு) மூலம் பதிவு செய்த ஏட்ரியனும் 1932-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். ஓர் அலகில் எத்தனை இழைகள் என்பது தசையின் வேலையைப் பொறுத்தது. கண்ணை அசைக்கும் தசைகளில் ஒரு நரம்பணுவுக்குப் பத்துப் பதினைந்து இழைகளே உண்டு. கையின் சிறு தசைகளில் நூறிலிருந்து சில நூறு வரை. கெண்டைக்கால் தசையில் ஏறத்தாழ 2,000. மயிலாப்பூர் சபா ஒன்றில் மிருதங்க வித்வான் ஒரே விரலின் அழுத்தத்தை இம்மி இம்மியாகக் கூட்டிக் குறைப்பதை இந்தக் கணக்கோடு பார்த்தால் வேறு மாதிரித் தெரியும்: சிறு அலகுகள் உள்ள தசையில்தான் அத்தனை நுண்ணிய படிகள் சாத்தியம். கெண்டைக்காலால் மிருதங்கம் வாசிக்க முடியாததற்குக் குரு இல்லாதது மட்டும் காரணமன்று.

அலகுகள் எந்த வரிசையில் வேலைக்கு அழைக்கப்படுகின்றன என்பதை 1957-இலும், விரிவாக 1965-இலும், ஹென்மன் பூனைகளில் செய்த சோதனைகளால் காட்டினார். சிறிய நரம்பணுக்கள் முதலில் விழிக்கின்றன. தேவை கூடக் கூடப் பெரியவை சேருகின்றன. சிறியவை இயக்கும் இழைகள் மெதுவானவை, களைக்காதவை. பெரியவை இயக்குபவை வேகமானவை, சீக்கிரம் களைப்பவை. இதைப் பார்க்க ஆய்வகம் தேவையில்லை. பரதநாட்டியம் கற்கும் சிறுமி அரைமண்டியில் இரண்டு நிமிடம் அசையாமல் நிற்கட்டும். முதலில் அமைதியாக இருக்கும் தொடை சற்று நேரத்தில் நடுங்கத் தொடங்கும். உடல் எடை மாறவில்லை, முழங்காலின் கோணமும் மாறவில்லை; ஆனால் ஏற்கெனவே உழைக்கும் இழைகள் தளர்வதால், அந்த இடத்தை நிரப்பப் புதிய, பெரிய அலகுகள் அழைக்கப்படுகின்றன. பெரிய அலகு ஒன்று சேரும்போது விசையின் படியும் பெரிதாகிறது. அந்தக் கரடுமுரடே நடுக்கமாக வெளியே தெரிகிறது. அப்போது தொடையின் மின்செயல்பாட்டைப் பதிவு செய்தால் அது ஏறிக்கொண்டே போகும், விசை கூடாமலேயே. இந்த ஒரு செய்தியை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கருவிகளைப் பற்றிச் சொல்லும்போது இதற்குத் திரும்பி வர வேண்டியிருக்கும்.

நரம்பும் தசையும் சந்திக்கும் இடத்தைப் பற்றிச் சொல்லச் சென்னையில் இருப்பவருக்குப் பாம்பை விட நல்ல உதாரணம் கிடைக்காது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில், 1978-இல் தொடங்கப்பட்ட இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம், விஷமுறிவு மருந்து தயாரிப்புக்காக நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கின் விஷத்தையும் எடுத்துத் தருகிறது. இவற்றில் நாகத்தின் நரம்பு நஞ்சு, அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் வந்து அமர வேண்டிய இருக்கையைத் தசைப் பக்கத்தில் பிடித்துக்கொள்கிறது. கட்டுவிரியனின் முக்கிய நஞ்சு எதிர்ப்பக்கம் போய், அந்த வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பு முனையையே சிதைக்கிறது. இரண்டு கடியிலும் இமைகள் தொங்கும், பேச்சு குழறும், கடைசியில் மூச்சுத் தசைகள் ஓயும். மூளை கட்டளையிட்டபடி இருக்கிறது, தசையும் நலமாக இருக்கிறது. நடுவில் செய்தி போய்ச் சேரவில்லை. கட்டுவிரியன் இனத்தைச் சேர்ந்த தைவான் பாம்பு ஒன்றின் விஷத்திலிருந்து 1963-இல் பிரிக்கப்பட்ட நஞ்சுதான், அந்த இருக்கையாகிய ஏற்பியைத் தனியே பிரித்தெடுத்து ஆராயவும் பின்னர் கருவியானது. அசிட்டைல்கோலின் பற்றிய வேலைக்காக டேலும் லோவியும் 1936-இலும், அது சிறு சிறு பொட்டலங்களாகவே வெளிப்படுகிறது என்று காட்டிய பெர்னார்ட் காட்ஸ் 1970-இலும் நோபல் பரிசு பெற்றார்கள். முதலாம் ஆண்டு மாணவர்களுக்கு இந்தப் பாடத்தை வரைபடத்தில் தொடங்குவதைக் காட்டிலும் வடநெம்மேலியில் தொடங்குவது மேல் என்பது என் கட்சி.

காட்ஸுக்கு லண்டனில் ஆசானாக இருந்தவர் ஏ. வி. ஹில். தசை சுருங்கும்போது வெளிவரும் வெப்பத்தை அளந்ததற்காக 1922-ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட இவர், ஓட்டக்காரர்களின் வேகத்தையும் அளந்தார். தசை எவ்வளவு வேகமாகச் சுருங்குகிறதோ அவ்வளவு குறைவான விசையையே தர முடியும் என்பதை 1938-இல் சமன்பாடாக எழுதியவரும் அவரே. இன்றைய வேகப் பயிற்சிக் கருவிகள் திரையில் காட்டும் வளைகோடு அடிப்படையில் அவருடையதுதான். இந்தியாவுக்கும் அவருக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1943-44-இல் இந்திய அரசின் அழைப்பில் இங்கே வந்து, நாட்டின் அறிவியல் ஆராய்ச்சியைப் பற்றி அறிக்கை கொடுத்தார். அகில இந்திய மருத்துவ மையம் ஒன்று வேண்டும் என்று அவர் வலியுறுத்தியது, பின்னாளில் டெல்லியில் எய்ம்ஸ் உருவானதன் பின்னணியில் பேசப்படுகிறது. தவளையின் தொடைத் தசையை ஆராய்ந்தவர் ஒரு நாட்டின் மருத்துவக் கல்விக்கு யோசனை சொன்னார் என்பது இத்துறையின் குணத்தைக் காட்டுகிறது. இங்கே வேலை சிறிய தசையில் தொடங்கினாலும் அங்கேயே முடிவதில்லை.

இனிக் கருவிகள். இத்துறையில் ஓர் ஆய்வாளரின் பெயர் நிலைப்பதும் கெடுவதும் பெரும்பாலும் இங்கேதான். தோலின் மேல் ஒட்டும் மின்வாய்களால் தசையின் மின்செயல்பாட்டைப் பதிவு செய்யும் முறையை ஆய்வகங்களில் எல்லோரும் இ.எம்.ஜி. என்றே சொல்கிறார்கள். கருவியின் விலை முன்பைவிடக் குறைந்திருக்கிறது. கம்பியில்லாத சிறு பெட்டிகள் வந்துவிட்டன. திரையில் பச்சைக் கோடு குதிப்பதைப் பார்த்தால் யாருக்கும் பெருமையாக இருக்கும். ஆனால் அந்தச் சமிக்ஞை மில்லிவோல்ட் அளவில்தான் இருக்கிறது. அதன் பெரும்பகுதி நொடிக்கு 20 முதல் 450 துடிப்பு வரையான அலைவெண்ணில் விழுகிறது. நம் வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் இதற்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. பக்கத்து அறையின் ஏசியும், கூரையின் குழல் விளக்கும், சரியாக நிலத்தொடர்பு கொடுக்காத ஒரு டிரெட்மில்லும் சேர்ந்து தசையின் பெயரில் பொய்ச்சாட்சி சொல்ல முடியும். அந்த அலைவெண்ணை மட்டும் வடிகட்டி எறியலாம். எறிந்தால் தசையின் உண்மைச் செய்தியிலும் ஒரு பகுதி கூடவே போய்விடும். முதலிலேயே இரைச்சல் வராமல் பார்த்துக்கொள்வதே வழி. அதற்குத் தேவையானது பணத்தைவிடப் பொறுமை.

சென்னையின் தட்பவெப்பமும் இதில் ஒரு கட்சிக்காரர். தோலை மழித்து, ஆல்கஹால் கொண்டு தேய்த்து, உலரவிட்டு, தசை இழைகள் ஓடும் திசையில் 20 மில்லிமீட்டர் இடைவெளியில் மின்வாய்களை ஒட்ட வேண்டும் என்பது ஐரோப்பியக் கூட்டுத் திட்டமான செனியம் 1990-களின் இறுதியில் வகுத்த பரிந்துரை. ஐரோப்பாவில் உலரவிட்டால் உலரும். மே மாதத்தில் நம் ஊரில் உலரவிட்டால், உலர்வதற்குள் அடுத்த வியர்வை வந்துவிடும். பசை நழுவி, மின்வாய்க்கும் தோலுக்கும் நடுவே ஈரம் சேர்ந்து, பத்தாவது நிமிடத்தில் பதிவின் உயரம் தானாக மாறத் தொடங்கும். அதைத் தசையின் களைப்பு என்று எழுதிவிடும் அபாயம் புதிய மாணவருக்கு எப்போதும் உண்டு. இதனால்தான் பழகிய ஆய்வாளர்கள் பங்கேற்பாளரைக் காலை ஆறரை மணிக்கே வரச் சொல்வார்கள்; அறையின் வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் நோட்டுப் புத்தகத்தின் முதல் வரியாக எழுதுவார்கள். பதிப்புக்குப் போகும் கட்டுரையில் இந்த வரி யார் கண்ணிலும் படாது. ஆனால் ஓர் ஆய்வகத்தின் தரத்தை நான் முதலில் பார்ப்பது அந்த நோட்டில்தான்.

பதிவு சுத்தமாக வந்துவிட்டாலும் அதை வாசிப்பதில் ஒரு பள்ளம் இருக்கிறது. அரைமண்டி உதாரணத்தில் பார்த்தோம்: விசை மாறாமல் மின்செயல்பாடு மட்டும் ஏறலாம். ஆகவே கோடு பெரிதாக இருந்தால் தசை வலுவாக வேலை செய்கிறது என்று பொருள் கொள்ளக் கூடாது. தோலுக்கடியில் கொழுப்பு அதிகமுள்ளவரிடம் சமிக்ஞை மங்கும். பக்கத்துத் தசையின் ஓசை இதில் கலக்கும். எதிரெதிர்த் துடிப்புகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். எந்தப் பயிற்சி எந்தத் தசையை அதிகம் இயக்குகிறது என்று வண்ணப் பட்டைகளோடு வலம்வரும் படங்களில் பெரும்பாலானவை இந்த எச்சரிக்கைகளைக் கண்டுகொள்வதே இல்லை. ஒரு நபரின் கோட்டை அதே நாளில் அவருடைய உச்ச முயற்சியின் கோட்டோடு ஒப்பிட்டு விகிதமாகச் சொல்வது குறைந்தபட்ச ஒழுக்கம்.

எனவே மற்றக் கருவிகளும் துணைக்கு வேண்டியிருக்கின்றன. முழங்காலுக்குப் பின்னால் நரம்பில் மெல்லிய மின்தூண்டல் கொடுத்தால், செய்தி தண்டுவடம் வரை போய்த் திரும்பிக் கெண்டைக்காலில் சுமார் 30 மில்லிநொடியில் ஒரு சிறு துடிப்பாகத் தோன்றும். 1910-இலேயே பால் ஹோஃப்மன் விவரித்த இந்த மறிவினை (ரிஃப்ளெக்ஸ்), தண்டுவடம் எவ்வளவு விழிப்பாக இருக்கிறது என்பதற்கு ஒரு சன்னல். 1985-இல் ஷெஃபீல்டில் பார்க்கரும் குழுவும் உருவாக்கிய காந்தத் தூண்டல், மண்டையோட்டைத் தொடாமலே மூளைப் புறணியை எழுப்பிப் பார்க்கிறது. 1962-இல் பெர்க்ஸ்ட்ரோம் பழக்கப்படுத்திய பயாப்சி ஊசி, தசையின் ஒரு துணுக்கை வெளியே கொண்டுவந்து வேக இழை எத்தனை, மெது இழை எத்தனை என்று எண்ண வைக்கிறது. அல்ட்ராசவுண்ட், ஊசி இல்லாமல் தசையின் தடிமனைக் காட்டுகிறது.

களைப்பு எங்கே நிகழ்கிறது என்ற விவாதம் இத்துறையின் நீண்ட வழக்கு. 1954-இல் மெர்ட்டன், கட்டைவிரல் தசையை ஒருவர் முழு முயற்சியில் சுருக்கும்போது, நடுவே நரம்புக்கு ஒரு மின் அதிர்வைச் சேர்த்துக் கொடுத்தார். மூளை ஏற்கெனவே தசையை முழுதாக இயக்கினால், இந்த அதிர்வு கூடுதல் விசை எதையும் தராது. அவர் கண்டதும் அதுவே. ஆகவே களைப்பு தசையிலேயே என்று தீர்ப்புச் சொன்னார். பின்வந்தவர்கள் மேலும் நுட்பமான அளவிகளோடு அதே சோதனையைச் செய்தபோது, களைப்பு கூடக் கூட அந்த அதிர்வு சிறிது விசையைக் கூட்டுவது தெரிந்தது. அதாவது மூளையும் தண்டுவடமும் தம் பங்குக்குக் கையை இழுத்துக்கொள்கின்றன. கண்டேவியா 2001-இல் எழுதிய மதிப்பாய்வுக் கட்டுரை இந்தச் சான்றுகளை ஒருங்கே திரட்டியது. அதே ஆண்டில் நைபோவும் நீல்சனும் வெளியிட்ட ஆய்வு நமக்கு நெருக்கமானது. 40 டிகிரி வெப்பத்தில் சைக்கிள் மிதிக்கவைத்து, உடலின் உள் வெப்பம் 40 டிகிரியை எட்டியவர்களிடம் அவர்கள் தொடைத் தசையைச் சோதித்தார்கள். மின்தூண்டலுக்குத் தசை நன்றாகவே பதில் சொன்னது. ஆனால் நெடுநேரம் இறுக்கிப் பிடிக்கச் சொன்னபோது மூளையின் கட்டளை தளர்ந்தது. கத்தரி வெயிலில் பிற்பகல் மூன்று மணிக்குப் போட்டி வைத்துவிட்டு, "பசங்களுக்கு மனவுறுதி போதவில்லை" என்று சொல்லும் ஏற்பாட்டாளர்கள் இதைப் படிக்க வேண்டும். சூடேறிய மூளை தன்னைக் காத்துக்கொள்வதை மனவுறுதிக் குறைவு என்பது, ஃபியூஸ் போனதற்கு விளக்கைத் திட்டுவது போன்றது.

சென்னையில் ஒரு மாணவர் இந்த வாழ்க்கைக்குள் நுழைவதற்கு ஒரே வாசல் என்று எதுவும் இல்லை. அதுவே இதன் சிக்கலும் வாய்ப்பும். எம்.பி.பி.எஸ். முடித்து உடலியங்கியலில் எம்.டி. செய்பவர், 1835-இல் தொடங்கிய சென்னை மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களில் நரம்பையும் நோயையும் ஆழமாகக் கற்கிறார். ஆனால் ஒரு தடகள வீரரின் பயிற்சி அட்டவணை எப்படி இருக்கும் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டிய கட்டாயமில்லை. பிசியோதெரபி வழியாக வருபவர் நோயாளியின் உடலைத் தொட்டுப் பழகியவர். அளவீட்டுக் கணிதத்தில் சற்றே தயங்குவார். கிண்டியில் உயிர்மருத்துவப் பொறியியல் படித்தவருக்குச் சமிக்ஞை கைவந்த கலை. அந்தச் சமிக்ஞை எந்தத் தசையிலிருந்து வருகிறது என்பதில்தான் தடுமாற்றம். உடற்கல்வியில் பட்டம் பெற்றவருக்கு மைதானம் சொந்த வீடு. தசையைச் சுருங்கத் தூண்டும் கல்சியம் அயனி அந்நியம். தரமணியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் அடிப்படை மருத்துவ அறிவியல் நிறுவனத்தில் முதுநிலை படித்து வருபவர் இன்னொரு வகை. நால்வரோ ஐவரோ சேர்ந்தால்தான் ஒரு நல்ல ஆய்வகம் ஆகும். ஒருவரே இத்தனையும் ஆக முயல்வதைவிட, ஒன்றில் வேரூன்றி மற்றவர்களின் மொழியைப் புரிந்துகொள்பவராக ஆவதே நடைமுறைக்கு ஒத்தது.

நகரத்தின் வரைபடத்தைப் பார்த்தாலே இந்தச் சிதறல் தெரியும். 1920-இல் ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி நந்தனத்தில் இருக்கிறது. 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்திய அணிக்குப் பொறுப்பாளராகப் போனவர் அவர். 2005-இல் செயல்படத் தொடங்கிய தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் வண்டலூர் தாண்டி மேலக்கோட்டையூரில். பந்துவீச்சாளரின் முழங்கை அனுமதிக்கப்பட்ட 15 டிகிரிக்கு மேல் நீள்கிறதா என்று சோதிக்க ஐ.சி.சி. அங்கீகாரம் பெற்ற ஆய்வகம் போரூரில், ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தில். நிற்கவைக்கும் சக்கர நாற்காலியை 2019-இல் வெளியிட்ட டி.டி.கே. மறுவாழ்வு ஆய்வு மையம் ஐ.ஐ.டி. வளாகத்தில், அதே ஐ.ஐ.டி. 2024-25 முதல் விளையாட்டு வீரர்களுக்குத் தனி இடங்களையும் ஒதுக்குகிறது. நந்தனத்திலிருந்து மேலக்கோட்டையூருக்குப் பேருந்தில் போய்த் திரும்பினாலே அரை நாள் போய்விடும். கருவி ஓரிடத்திலும் வீரர்கள் இன்னோரிடத்திலும் ஆய்வுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழு மூன்றாவது இடத்திலும் இருக்கும்போது, முனைவர் பட்ட மாணவரின் முதல் திறமை தொலைபேசியில் பணிவாகப் பேசுவதுதான்.

காலக் கணக்கையும் சொல்லிவிட வேண்டும். பிசியோதெரபி வழியாக வருபவருக்கு இளநிலை நாலரை ஆண்டு, முதுநிலை 2 ஆண்டு, அதன்மேல் முனைவர் பட்டத்துக்கு யு.ஜி.சி.யின் 2022 விதிகளின்படி குறைந்தது 3, அதிகபட்சம் 6 ஆண்டு. நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய். கிடைக்காதவர்கள் மாலையில் கிளினிக்கில் நோயாளிகளைப் பார்த்தபடியே ஆய்வு செய்கிறார்கள். ஆக, முனைவர் பட்டத்தோடு இவர் உதவிப் பேராசிரியர் பணிக்கு மனுப்போடும்போது வயது முப்பதை நெருங்கிவிடுகிறது. கூடப் படித்தவர் அதற்குள் சொந்தக் கிளினிக் வைத்து, கார் வாங்கி, இரண்டாவது கிளைக்கு இடம் பார்த்துக்கொண்டிருப்பார். வீட்டில் கேட்கப்படும் கேள்விகளை விவரிக்க வேண்டியதில்லை.

வேலை கிடைத்த பிறகு வாரத்தின் பெரும்பகுதியைப் பாடமும் தேர்வுத் தாளும் அங்கீகாரக் குழுவுக்கான கோப்புகளும் எடுத்துக்கொள்கின்றன. எஞ்சிய நேரத்தில் ஆய்வு. மனிதர்களிடம் செய்யும் ஒவ்வொரு அளவீட்டுக்கும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆர். 2017-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். பயிற்சி கொடுத்து விளைவைப் பார்க்கும் ஆய்வென்றால் முதல் பங்கேற்பாளரைச் சேர்க்கும் முன்பே மருத்துவச் சோதனைகளுக்கான தேசியப் பதிவேட்டில் பதிய வேண்டும். இவை காலத்தை விழுங்கினாலும் குறை சொல்ல மாட்டேன். தூண்டலுக்கு ஒப்புக்கொள்ளும் மாணவன் பல சமயம் அந்த ஆசிரியரின் வகுப்பிலேயே உட்கார்ந்திருப்பவன்; மாட்டேன் என்று சொல்லும் உரிமை அவனுக்கு உண்மையாகவே இருக்கிறதா என்று வெளியாள் ஒருவர் கேட்பது நல்லது. மாணவர்கள் இப்படிக் கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கும் வசதியால்தான் உலகெங்கும் இத்துறையின் முடிவுகள் இருபது வயது ஆண் மாணவர்களின் மேல் நிற்கின்றன. பெண்களைப் பற்றிய தரவு குறைவு. நடுவயதில் மூட்டை தூக்கும் தொழிலாளியைப் பற்றியது இன்னும் குறைவு. காசிமேட்டில் வலை இழுப்பவர்களின் தோளும் முதுகும் நாற்பது ஆண்டுப் பயிற்சி பெற்றவை. அவர்கள் ஆய்வகத்துக்கு வரமாட்டார்கள், ஆய்வகம்தான் போக வேண்டும்.

பயிற்சியாளர்களோடு பேசுவது தனி வித்தை. "சார், பையன் ஸ்டார்ட்ல லேட்டாகுறான், என்ன பண்ணலாம்? அடுத்த வாரம் மீட்" என்று ஒருவர் வந்து நிற்பார். அவருக்கு ஏழு நாளில் விடை வேண்டும்; துறையின் நேர்மையான விடைக்கு ஏழு மாதம் ஆகும். இருவருக்கும் பொதுவான ஏதோ ஒன்றைக் கொடுத்தனுப்பத் தெரிந்தவரே மைதானத்தில் மதிப்புப் பெறுகிறார். கட்டுரை எண்ணிக்கையில் அது சேராது.

ஒரு திருப்பத்தைப் பலரிடம் காணலாம். வேக ஓட்டக்காரர்களோடு தொடங்கியவர்கள், ஐம்பதை நெருங்கும்போது முதியோரிடம் வந்து சேர்கிறார்கள். நிதி அங்கே இருக்கிறது என்பது ஒரு காரணம். தம் முழங்காலே அவர்களுக்குப் பாடம் எடுக்கத் தொடங்கிவிட்டது இன்னொன்று. ஆனால் அறிவியல் காரணமும் உண்டு. வயது ஏறும்போது தண்டுவடத்தின் இயக்க நரம்பணுக்கள் குறைகின்றன. கைவிடப்பட்ட இழைகளில் சிலவற்றைப் பக்கத்து நரம்பணு தத்தெடுக்கிறது, மற்றவை மெலிந்து மறைகின்றன. தத்தெடுத்ததால் அலகு பெரிதாகிறது, கட்டுப்பாடு முரடாகிறது. தாத்தா காபி டம்ளரைப் பிடிக்கும்போது ஏற்படும் மெல்லிய ஆட்டத்தில் இதற்கும் பங்குண்டு. இந்தியா உட்பட 17 நாடுகளில் ஏறத்தாழ 1,40,000 பேரிடம் கைப்பிடி வலுவை அளந்து 2015-இல் வெளியான ப்யூர் ஆய்வில், வலு ஒவ்வொரு 5 கிலோ குறைவுக்கும் இறப்பின் ஆபத்து 16 சதவீதம் கூடியிருந்தது. ஆசிய நாடுகளுக்கென 2019-இல் வகுக்கப்பட்ட எல்லைகளின்படி ஆணுக்கு 28 கிலோவுக்கும் பெண்ணுக்கு 18 கிலோவுக்கும் கீழே பிடி இறங்கினால் தசை நலிவைச் சந்தேகிக்க வேண்டும். கையில் அடங்கும் ஒரு பிடிமானி போதும். இரத்த அழுத்தம் பார்க்கும் இடத்திலெல்லாம் இதையும் பார்க்கலாம். இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்கு நீரிழிவு இருப்பதாக 2023-இல் ஐ.சி.எம்.ஆர். ஆய்வு காட்டியது, நீரிழிவு நரம்பு நுனிகளைத் தாக்கும் நோயும் ஆகையால், இந்த ஊரில் ஒரு நரம்புத்தசை ஆய்வாளருக்கு வேலை இல்லாமல் போகாது.

ஸ்கிரிப்ச்சர் 1894-இல் கண்ட விநோதம்கூட இப்போது மருத்துவமனைக்கு வந்துவிட்டது. பைக்கில் விழுந்து இடது காலில் மாவுக்கட்டோடு ஆறு வாரம் படுத்திருக்கும் ஒருவருக்கு, வலது காலுக்குக் கடுமையான எடைப் பயிற்சி கொடுக்கலாம். கட்டுக்குள் இருக்கும் கால் அதனால் பருக்காது. ஆனால் அதை இயக்கும் நரம்புப் பாதை முழுதாக மறந்துவிடாமல் இருக்க உதவும். ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த மதிப்பீடுகள், பயிற்சி பெறாத பக்கம் சராசரியாக 8 சதவீதம் அளவுக்கு வலுப்பெறுகிறது என்கின்றன. நேற்று ஒரு கால், இன்று அதே கால் என்று அளந்தாலே சில சதவீதம் மாறும் என்பதால், இந்த 8 உண்மையா, வலுவை அளக்கும் நாற்காலியின் பட்டையைச் சற்று இறுக்கிக் கட்டியதால் வந்ததா என்று சொல்வதற்கு, அளப்பவர் பயிற்சி தொடங்கும் முன்பே மூன்று வெவ்வேறு காலைகளில் அந்த நோயாளியை வரவழைத்து, ஒவ்வொரு முறையும் பட்டையை ஒரே துளையில் மாட்டியிருக்க வேண்டும்.